ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

சென்னையின் பெரிய மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சிகிச்சையைப் பற்றி நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரே சொல்ல முடியும். அவரிடம் எதை, எப்படிக் கேட்பது, இடையில் உங்களை நீங்கள் எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதை மட்டுமே இந்தப் பதில்கள் பேசுகின்றன.

எங்களை ஏன் உள்ளே உடனிருக்க விடுவதில்லை?

நோய்த்தொற்று, இட நெருக்கடி, பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் அந்தரங்கம் ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். மூன்றும் நியாயமானவையே. ஆனால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஒரு பாஸுக்கு ஒருவர் என்ற கெடுபிடி எல்லா நேரத்திலும் தேவையா என்பது வேறு கேள்வி. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடும்பத்தினர் உடனிருக்க நெகிழ்வான அனுமதி தரப்பட வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. நோயாளியின் நிலை மோசமாகும்போதும், வெளியூரிலிருந்து நெருங்கிய உறவினர் வந்து சேரும்போதும் கூடுதல் நேரம் கேளுங்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம் வாதாடுவதைவிடப் பொறுப்பு நர்ஸிடம் கேட்பது பலன் தரும். நுழையும்போதும் வெளியே வரும்போதும் கைகளைக் கழுவுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் அன்று உள்ளே செல்ல வேண்டாம்.

டாக்டர் தினமும் விளக்குகிறார். வெளியே வந்ததும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. எதைக் கேட்க வேண்டும்?

பயத்தில் இருக்கும் மனம் கேட்டதைத் தக்கவைத்துக்கொள்ளாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லும்போதே எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்தால் பெரும்பாலான மருத்துவர்கள் சற்று நிதானமாகவும் பேசுவார்கள்.

"பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அதற்கு வரும் பதிலால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. ஐம்பது என்றாலும் முப்பது என்றாலும் அன்றிரவு தூக்கம் வரப்போவதில்லை. மாறாக, இன்று எந்தெந்த உறுப்புகள் தாமாக வேலை செய்கின்றன, எவை மருந்தாலும் இயந்திரத்தாலும் நடக்கின்றன என்று கேளுங்கள். நேற்றைவிட இன்று எது மேல், எது கீழ் என்று கேளுங்கள். அடுத்த இரண்டு நாட்களில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள், அது நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்பவரின் நோட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "செவ்வாய் மாலை: இயந்திரம் தரும் ஆக்சிஜன் 60 சதவீதம். புதன் காலை: 50 போதுமாக இருந்தது. பிபி ஏற்றும் மருந்து பாதியாகக் குறைந்தது. சிறுநீர் இன்னும் சரியாகப் போகவில்லை. டயாலிசிஸ் பற்றி நாளை சொல்வார்கள்." மருத்துவம் படிக்காதவருக்கும் இதிலிருந்து திசை புரிந்துவிடும். நுரையீரல் தேறுகிறது, சிறுநீரகம் இன்னும் தேறவில்லை.

நிலைமை ஒரே மாதிரி இருக்கிறது என்று சொன்னால், ஆபத்து நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அளவிலேயே மோசமாகவும் இருக்கலாம்.

தினசரி விளக்கம் வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் முடிகிறதென்றால், வாரத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். 2007இல் பிரான்ஸில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்று, மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தினரோடு மருத்துவர்கள் உட்கார்ந்து கூடுதல் நேரம் பேசி, அவர்களையும் பேசவிட்டு, ஒரு சிறு கையேட்டையும் கொடுத்தபோது, 90 நாட்களுக்குப் பின் அந்தக் குடும்பத்தினரிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் பாதிப்பும் குறைவாக இருந்ததைக் கண்டது. சந்திப்பின் நீளம் ஏறத்தாழ 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகக் கூடியது, அவ்வளவே.

வீட்டில் யார் டாக்டரிடம் பேசுவது?

ஒருவர் பேசுவது நல்லது. அவருக்கு மாற்றாக இன்னொருவர் இருக்கட்டும். காலையில் மகன், மதியம் மதுரையிலிருந்து வந்த சித்தப்பா, இரவில் அமெரிக்காவிலிருந்து போனில் மூத்த மகள் என்று மூவர் தனித்தனியே கேட்டால், மூன்று டியூட்டி டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னதாகத் தோன்றும்; அங்கிருந்துதான் குடும்பத்துக்குள் சண்டை தொடங்குகிறது. பேசுபவர் யார் என்பதை நர்ஸிடம் சொல்லி, போன் எண்ணோடு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு மாலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தி போதும்.

ஆனால் நம் வீடுகளில் பேசுவதற்கு முன்னிறுத்தப்படுபவர் பெரும்பாலும் மூத்த ஆண் அல்லது பணம் கட்டுபவர். மாமியாருக்குக் கடந்த பத்து ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக் கொடுத்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அறிந்தது, "எனக்கு இப்படியெல்லாம் குழாய் போட்டுவிடாதே அம்மா" என்று அவர் சொன்னதைக் கேட்டது எல்லாம் மருமகளாக இருக்கும். அவரோ வெளியே பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசுவது யாராக இருந்தாலும், நோயாளியின் மனதை அறிந்தவர் அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

வென்டிலேட்டர் போட்டால் திரும்பி வரவே மாட்டார்கள் என்கிறார்களே?

அப்படியில்லை. எத்தனையோ பேர் அதிலிருந்து மீண்டு வீட்டுக்கு நடந்து சென்றிருக்கிறார்கள். வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரலும் மூச்சுத் தசைகளும் செய்ய வேண்டிய வேலையைச் சில நாட்களுக்குத் தான் ஏற்றுக்கொண்டு, மருந்துக்கும் உடம்புக்கும் அவகாசம் தருகிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சு நின்றுபோகும் நிலையில் இருந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் தொடங்கிய அந்த முயற்சியிலிருந்துதான் இன்றைய ஐசியூ பிறந்தது. ஆகவே, அடிப்படை நோய் என்ன, அது திரும்பக்கூடியதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நிமோனியாவுக்கும் பாம்புக்கடிக்கும் வென்டிலேட்டர் போடுவது ஒன்று. உடலெங்கும் பரவிய புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் போடுவது வேறொன்று.

வாய் வழிக் குழாய் ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால், கழுத்தில் சிறு துளையிட்டு டிராக்கியாஸ்டமி செய்யலாமா என்று கேட்பார்கள். கேட்டதும் கலங்க வேண்டாம். அதனால் மயக்க மருந்தைக் குறைக்க முடியும், வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும். உடல் தேறிய பின் பலருக்கும் அதை எடுத்துவிடலாம்.

இறந்தவரை வென்டிலேட்டரில் வைத்துப் பணம் கறப்பார்கள் என்று கேள்விப்படுகிறோமே?

இந்தச் சந்தேகம் வராத குடும்பமே சென்னையில் இல்லை எனலாம். இதயம் நின்றுவிட்ட உடலை வென்டிலேட்டரால் உயிருள்ளது போல் வைத்திருக்க முடியாது. காற்று உள்ளே போய் நெஞ்சு ஏறி இறங்கலாம். ஆனால் ரத்த ஓட்டம் இருக்காது, உடல் குளிரும், சில மணி நேரத்தில் விறைக்கும். சந்தேகம் இருந்தால் உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கக் கேளுங்கள். உடல் சூடாக இருக்கிறதா, மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்று பாருங்கள். மூளைச்சாவு இதற்கு விதிவிலக்கு. அதைப் பின்னால் பார்ப்போம். தேவைக்கு அதிகமாகச் சிகிச்சை தரப்படுகிறதோ என்ற கவலை வேறு. அது நியாயமான கவலைதான், அதை மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம். பூட்டிய கதவும் இரண்டு நிமிட விளக்கமும்தான் இந்த வதந்திக்கு உரம் போடுகின்றன என்பதை மருத்துவமனைகளும் உணர வேண்டும்.

மானிட்டர் அடிக்கடி சத்தம் போடுகிறது. யாரும் ஓடி வருவதில்லையே?

பெரும்பாலான அலாரங்கள் விரலில் மாட்டிய கிளிப் நழுவியதற்கும் நோயாளி புரண்டதற்கும் அடிப்பவை. எது அவசரம் என்பது நர்ஸுக்குச் சத்தத்திலேயே தெரியும். பார்க்கும் பத்து நிமிடத்தையும் திரையைப் பார்த்தே கழிக்காமல் முகத்தைப் பாருங்கள்.

மயக்கத்தில் இருப்பவருக்கு நாம் பேசுவது கேட்குமா? கையை ஏன் கட்டியிருக்கிறார்கள்?

கேட்கலாம் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். ஆழ்ந்த மயக்கத்தில் எவ்வளவு பதிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மயக்க மருந்து குறையக் குறையப் பழகிய குரல் பெரிய ஆறுதல். நீங்கள் யார், இது எந்த இடம், இன்று என்ன கிழமை, காலையா மாலையா என்று சொல்லுங்கள். பேரன் பள்ளிக்குப் போனான், தண்ணீர் லாரி வந்தது, மாடியில் வடகம் காய்கிறது என்று வீட்டுச் செய்தி சொல்லுங்கள். தலைமாட்டில் நின்று அழுவதையும், பில் பற்றிப் பேசுவதையும் தவிருங்கள். கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் ஆகியவற்றை எப்போது கொண்டுவரலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

ஐசியூவில் இருப்பவர்களில் பலருக்கு மனக்குழப்பம் வருகிறது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், நர்ஸ் விஷம் வைக்கிறாள் என்பார்கள், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் திட்டுவார்கள். இது பைத்தியமல்ல, நோயும் மருந்தும் தூக்கமின்மையும் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் குழப்புகின்றன. அந்தக் குழப்பத்தில் குழாயைப் பிடுங்கிவிடக்கூடும் என்பதால்தான் கையைத் துணியால் கட்டுகிறார்கள். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலாவது கட்டை அவிழ்க்க முடியுமா என்று கேளுங்கள். நர்ஸ் அருகில் இருந்தால் பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

திருநீறு பூசலாமா? தீர்த்தம் கொடுக்கலாமா?

நெற்றியில் சிறிது திருநீறோ குங்குமமோ இடுவதற்கு நர்ஸைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கண்ணிலோ காயத்திலோ குழாயிலோ பட வேண்டாம். தலையணைக்கருகில் சுவாமி படம் வைப்பது, காதருகில் மெல்லக் குர்ஆன் ஓதுவது, ஜெபிப்பது ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் தடையில்லை. வாயில் எதையும் விடக் கூடாது. துளசித் தீர்த்தம் ஒரு உத்தரணிதானே என்று தோன்றும். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். உதட்டை நனைக்க ஈரப் பஞ்சு தருவார்கள், அதைக் கேளுங்கள். கடைசி நேரத்தில் பால் விட விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். அந்தக் கட்டத்தில் அவர்கள் மறுப்பது அரிது.

குழந்தைகளை அழைத்துவரலாமா?

மருத்துவமனை அனுமதித்தால், குழந்தை விரும்பினால், அழைத்துவரலாம். என்ன பார்க்கப் போகிறது என்பதைப் போனில் ஒரு படம் காட்டி முன்பே சொல்லுங்கள். "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்வதைவிட இது நல்லது.

செலவை எப்படிச் சமாளிப்பது?

முதல் நாளே கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தை அணுக வேண்டும். சென்னையில் அது ராஜாஜி சாலையில் உள்ளது. ஒருவர் ஐசியூ வாசலில் இருக்கட்டும், இன்னொருவர் அந்த அலைச்சலைப் பார்க்கட்டும். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. சாலை விபத்தென்றால், 2021 டிசம்பர் 18இல் தொடங்கப்பட்ட நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுத்த சிகிச்சைகள் கட்டணமின்றிக் கிடைக்கும். வருமான வரம்பு கிடையாது, வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் அறை வாடகை வரம்பையும் ஐசியூ வரம்பையும் பாலிசியில் பார்த்துவிடுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவும், டிஸ்சார்ஜின்போது மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதலும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. தினமும் இடைக்கால பில் கேட்டு வாங்குங்கள். தாலியை அடகு வைக்கும் கட்டம் வருவதற்கு முன்பே, அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது பாதுகாப்பானதா, அங்கே படுக்கை இருக்கிறதா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பணம் தீர்ந்துபோன பின் நடு இரவில் மாற்றுவதுதான் ஆபத்தானது.

வெளியூரிலிருந்து வந்திருக்கிறோம். எங்கே தங்குவது?

அரசு மருத்துவமனை வளாகங்கள் சிலவற்றில் உடனிருப்போருக்கென மாநகராட்சியின் தங்குமிடங்கள் உள்ளன. மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். கிரீம்ஸ் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் நோயாளிகளின் குடும்பத்தினரை நம்பியே லாட்ஜுகள் நடக்கின்றன. சாப்பாட்டுக்கு சென்னை அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் அம்மா உணவகம் உண்டு.

மூளைச்சாவு என்கிறார்கள், இதயம் துடிக்கிறதே?

வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜனால் இதயம் சில காலம் துடிக்கும். ஆனால் மூளையும் மூளைத்தண்டும் முற்றிலும் செயலிழந்துவிட்டால் அது மீளாது. கோமா என்பது வேறு. உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்த பிறகே இதை உறுதிசெய்ய வேண்டும். சோதனைகளின் முடிவை விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதன் பின் உறுப்பு தானம் பற்றிக் கேட்பார்கள். சம்மதிப்பதும் மறுப்பதும் முழுக்க உங்கள் விருப்பம். தானத்துக்காக உடலைப் பராமரிக்கும் செலவு உங்கள் மீது விழாது. பணமும் பெற முடியாது. யாருக்கு எந்த உறுப்பு என்பதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியல் தீர்மானிக்கிறது. தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார்.

இனிச் சிகிச்சையால் பயனில்லை என்கிறார்கள். நிறுத்தச் சொல்வது பாவமா? சட்டப்படி சரியா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். கண்ணியத்துடன் இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. நடைமுறையை 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கியது. மீள முடியாத நிலையில், மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும், வெளி மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் ஒப்புக்கொண்டு, குடும்பத்தினரும் சம்மதித்தால், உயிர்காக்கும் கருவிகளைத் தொடராமல் விடலாம். ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்த முன் விருப்ப ஆவணத்தை எழுதி வைக்கவும் முடியும்.

பாவமா என்பதற்குச் சட்டம் பதில் சொல்லாது. "அப்பாவை என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளிடம் கேட்பதே கொடுமை என்பது எங்கள் கருத்து, முடிவின் முழுப் பாரமும் அவர்கள் தோளில் விழுகிறது. "அப்பா இங்கே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டால், பெரும்பாலும் குடும்பத்துக்கு அந்தப் பதில் தெரிந்தே இருக்கும். மருத்துவர் தன் பரிந்துரையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், குடும்பம் நோயாளியின் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். கருவிகளை நிறுத்துவது கவனிப்பை நிறுத்துவதாகாது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து தொடரும், தொடர வேண்டும்.

நடைமுறையில் பல குடும்பங்கள் "எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகின்றன. சொந்த வீட்டில், சொந்த மண்ணில் உயிர் பிரிய வேண்டும் என்ற விருப்பம் மதிக்கத்தக்கது. ஆனால் வலி மருந்தும் ஆக்சிஜனும் இல்லாமல் ஆம்புலன்சில் திண்டிவனம் தாண்டுவதற்குள் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்ப்பது அந்தக் குடும்பத்தை வெகுகாலம் விடாது. கையெழுத்துக்கு முன் வலி நிவாரண சிகிச்சை மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள். வழியிலும் வீட்டிலும் என்ன மருந்து, யார் கொடுப்பது என்று எழுதி வாங்குங்கள்.

இறந்துவிட்டால், பாக்கி கட்டும்வரை உடலைத் தர மறுக்க முடியுமா?

முடியாது. நோயாளிகளின் உரிமைகள் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது; பாக்கியை வேறு வழியில்தான் வசூலிக்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுசெல்ல 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தியை அழைக்கலாம்.

எனக்கே தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இது சரியாகிவிடுமா?

பலருக்கும் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. பதற்றம், மனச்சோர்வு, அலாரச் சத்தம் கேட்டதுபோல் இரவில் திடுக்கிட்டு எழுவது ஆகியவை நோயாளி வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் தொடரலாம். மருத்துவ உலகம் இதை ஐசியூவின் பின்விளைவாகவே அங்கீகரித்திருக்கிறது. வாசலை விட்டு நகர்ந்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தால் பலர் குளிக்கக்கூடப் போவதில்லை. போன் எண் கொடுத்திருக்கிறீர்கள், அழைப்பார்கள். முறை வைத்து வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை விடாதீர்கள். மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி என்ன?

மகிழ்ச்சியோடு புதிய பயமும் வரும். அங்கே ஒரு நர்ஸ் பலரைப் பார்ப்பார், மானிட்டரும் இருக்காது. மாற்றும்போதே, எந்த அறிகுறி வந்தால் யாரை அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் படுத்திருந்தவருக்குத் தம்ளரைத் தூக்கவே கை நடுங்கும், மறதி இருக்கும், எரிச்சல் வரும். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்காதீர்கள். ஐசியூ நாட்களில் பெரும்பகுதி அவர் நினைவில் இருக்காது, இருப்பதும் பாதி கனவாக இருக்கும். நீங்கள் எழுதி வைத்த நோட்டு அப்போது பயன்படும். அவர் கேட்கும்போது, கேட்கும் அளவுக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் பிசியோதெரபி தேவைப்பட்டால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.